தானா செய்வான்

"எது கேட்டாலும் தானா செய்வான்னு சொல்லு. வேற எதையும் உளறி வைக்காதே."

வேனின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மா இதைத்தான் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வண்டி ஓட்டும்போது என் காதுக்குப் பின்னாலிருந்து யார் புத்தி சொன்னாலும் பிடிக்காது, அது அம்மாவாக இருந்தாலும் சரி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். தினமும் ஒரு வண்டி நிறையப் பிள்ளைகள் என் காதுக்குப் பின்னால் கத்துகிறார்கள். அதையே பொறுத்துக்கொள்கிறவள் அம்மாவிடம் மட்டும் எரிந்து விழுகிறேன்.

"அம்மா, இது ஸ்கூல் அட்மிஷன் இல்ல. நல்லா செய்யறவங்களுக்கு சீட்டுன்னு யாரும் சொல்லல."

"பின்ன? முடியாதவங்களுக்கா சீட்டு? நல்லா இருக்கே நியாயம்!"

"துணை தேவைப்படறவங்களுக்கு."

"அதெல்லாம் சும்மா சொல்றது. உள்ள போனா கெட்டிக்காரப் புள்ளையைத்தான் எடுப்பாங்க. எனக்குத் தெரியாதா? எத்தனை படி ஏறி இறங்கியிருக்கேன்!"

அது உண்மைதான். சின்ன வயதில் அண்ணனை எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தலைமையாசிரியர் முன்னாலும் நின்று, "தானா சாப்பிடுவான் சார், தானா பாத்ரூம் போவான் சார்" என்று கெஞ்சிக் கெஞ்சி அம்மாவுக்கு அது மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. யார் எதைக் கேட்டாலும் வாயில் முதலில் வருவது "தானா"தான்.

அண்ணன் என் பக்கத்து சீட்டில் இருந்தான். பெயருக்குத்தான் அண்ணன். நாற்பதை நெருங்குகிறான், மீசையில் ஒரு நரை எட்டிப் பார்க்கிறது. மனசு மட்டும் என் வேனில் வரும் சின்னப் பிள்ளைகளோடு சேர்த்தி. நான் பிறந்தபோது என்னைக் காட்டி "பாப்பா" என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். இன்று வரை நான் அவனுக்குப் பாப்பாதான். எனக்குத் தலை நரைத்தாலும் அதை மாற்ற மாட்டான். வேன் பிள்ளைகள் அவனைக் "கண்டக்டர்" என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் ஏறி முடித்ததும் "ரைட் ரைட்" சொல்கிறவன் அவன். அதற்கு முன்னால் அவனுக்கு இன்னொரு வேலை உண்டு. நான் ஏறி உட்கார்ந்ததும் என் சீட் பெல்ட்டை இழுத்து 'டிக்' என்று மாட்டிவிடுவான். கண்டக்டர் வேலையில் அதுவும் ஒன்று என்று அவனாக வைத்துக்கொண்டது. நான் மாட்ட முயன்றால் கையைத் தட்டிவிடுவான்.

அம்மாவுக்கு முழங்கால் போனபிறகுதான் அவன் வேனில் வர ஆரம்பித்தான். எழுந்து நிற்பதற்கே சுவரைப் பிடிக்கிறவள் அவனைப் பகலெல்லாம் எப்படிப் பார்த்துக்கொள்வாள்? பள்ளிக்கூடத்தில் முதலில் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். பிறகு யாரோ ஒரு பெற்றோர் புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் வண்டியில் வெளியாள் இருக்கக்கூடாதாம். சட்டப்படி சரிதான். பள்ளி மேலாளர் அறையில் நான் போட்ட சத்தத்துக்கு என்னையே வேலையை விட்டு அனுப்பாமல் விட்டது பெரிய விஷயம். அடுத்த பருவத்திலிருந்து கண்டக்டர் வரக்கூடாது என்று முடிவானது. வந்தால் என் வேலை போகும். அவன் வராவிட்டால் பகலில் அவனுக்கு இடமில்லை.

அப்போதுதான் பகல்நேர மையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தோம். காலையில் அழைத்துப் போய் மாலையில் கொண்டுவந்து விடுகிறார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. பின்பக்கம் ஒரு தோட்டம். அங்கே ஒருவர் அண்ணன் கையில் பச்சை நிறப் பூவாளி ஒன்றைக் கொடுத்தார். அவ்வளவுதான், ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. செடிக்கு ஊற்றினான், கல்லுக்கு ஊற்றினான், என் காலுக்கும் ஊற்றினான். அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் முதல் கேள்வி, "பாப்பா, தண்ணி ஊத்த எப்போ?"

அந்தப் பூவாளிக்குக் குறுக்கே நின்றது ஒரே ஒரு சான்று. அறிவுத்திறன் குறைபாடு இருக்கிறது, அன்றாட வாழ்க்கைக்குத் துணை தேவை என்று ஒருவர் சோதித்துப் பார்த்து எழுதித் தர வேண்டும். அதற்குத்தான் அன்று போனோம்.

காலையில் அவனுக்குச் சட்டை போட்டுவிட்டபோதே எனக்கு மனசு சரியில்லை. பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தேன், அவன் தலையை ஆட்டி ஆட்டி "தானா, தானா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பட்டன் போடும்போது எப்போதும் அந்தப் பாட்டுதான். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அம்மா என்ன திட்டினாலும் சரி என்று நான் எனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என்று அம்மா சொன்னாலும் அவர் டாக்டர் இல்லை. உளவியல் நிபுணர் என்று கதவில் எழுதியிருந்தது. அம்மாவுக்கு வெள்ளைச் சுவரும் மேசையும் இருந்தால் உள்ளே இருப்பவர் டாக்டர்தான். மெலிந்த மனிதர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. இவ்வளவு மெதுவாகப் பேசுகிறவர்களை எனக்கு நம்பப் பிடிக்காது.

முதலில் அண்ணனை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டார். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் கட்டைகள் சரியும் சத்தம் கேட்டது, பிறகு அண்ணனின் சிரிப்பு. அதற்குப் பிறகு நீண்ட அமைதி. அம்மா அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டே சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

"சிரிக்கிறான்னா நல்லா செய்யறான்னு அர்த்தம்" என்றாள்.

"கட்டை விழுந்தா சிரிப்பான்மா."

"உனக்கு நல்ல வார்த்தையே வராதா?"

எங்களை உள்ளே கூப்பிட்டபோது அண்ணனைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார் டாக்டர். அவன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னாலேயே உள்ளே வந்து நடுவில் போட்டு உட்கார்ந்தான். படம் வரைந்திருக்கிறான் போல, இரண்டு கையும் நீல மை. டாக்டர் சிரித்துவிட்டு, "சரி, இருங்க கண்டக்டர் சார்" என்றார். அதற்குள் பட்டப்பெயர் வரைக்கும் போய்விட்டார்கள்.

"டெஸ்ட்ல அவர் எப்படிச் செஞ்சார்ங்கறது ஒரு பாதிதான்" என்றார் எங்களிடம். "வீட்டுல தினமும் எப்படி இருக்கார்ங்கறது அடுத்த பாதி. ரெண்டும் சேர்ந்தாதான் நான் எழுத முடியும். ஒவ்வொண்ணா கேக்கறேன். தானா செய்வாரா, உதவியோட செய்வாரா, அது மட்டும் சொல்லுங்க. குளிக்கறது?"

"தானா" என்றாள் அம்மா.

"டிரஸ் போடறது?"

"அதுவும் தானா. பட்டன் எல்லாம் நேரா இருக்கு பாருங்க!"

நேராகத்தான் இருந்தன. போட்டது நான். வாயைத் திறந்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், முகம் நிறையச் சிரிப்போடு. ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

என்ன சொல்வது? முடியாது என்றா? அந்த வார்த்தையோடு நான் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவள். என் பள்ளி நாட்களில் பெரியப்பா வந்து, "இவனால ஒண்ணும் முடியாது, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க" என்றபோது, அவருடைய செருப்பு இரண்டையும் எடுத்துப்போய் நடுத்தெருவில் வீசியவள் நான். அடி வாங்கினேன், ஆனால் பெரியப்பா வெறுங்காலோடு தெருவில் தேடிய காட்சிக்கு அந்த அடி தகும். அப்படிப்பட்டவள் இப்போது அதே வார்த்தையை, அவன் முன்னாலேயே, என் வாயால் எப்படிச் சொல்வேன்? அவனுக்குப் புரியாது என்று யார் சொன்னது? "முடியாது" என்றால் அவனுக்கு நன்றாகப் புரியும். எல்லா வாசலிலும் கேட்ட வார்த்தை அது.

"நீங்க சொல்லுங்க" என்றார் டாக்டர் என்னிடம். "தானாவா?"

"ம்... தானாதான்" என்றேன். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

அவர் அண்ணனிடம் திரும்பினார். "கண்டக்டர் சார், காலைல உங்க சட்டை பட்டன் போடறது யாரு?"

"தானா" என்றான் அண்ணன், பளிச்சென்று.

"குளிக்கும்போது தண்ணி கலக்கறது?"

"தானா!"

"ஷூ?"

"தானா தானா!"

"பார்த்தீங்களா டாக்டர்?" அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் புள்ளை வாயாலேயே சொல்றான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, எனக்கு ஒரு சிக்கல் இருக்கு. டெஸ்ட்ல அவருக்கு நிறைய கஷ்டம் இருக்குன்னு தெரியுது. ஆனா வீட்டுல எல்லாம் தானா செய்றார்ங்கறீங்க. தானா செய்றவருக்குத் துணை வேணும்னு நான் எழுத முடியாது. இப்படியே இருந்தா மையத்துல சேர்க்க மாட்டாங்க."

அம்மா என் தோளைத் தட்டினாள். "என்னடி சொல்றார்? பாஸா?"

"பாஸ்மா! பாஸ்!" எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "இது பாஸ் ஆனா ஃபெயில் ஆகற பரீட்சைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? இனிமே அவன் எங்க இருப்பான்? உன் காலுக்குப் பக்கத்துல கட்டிப் போடுவியா?"

கத்திய பிறகுதான் அண்ணனைப் பார்த்தேன். அவன் நாற்காலியில் ஒடுங்கிப் போயிருந்தான். நான் கத்தினால் அவனுக்குத் தாங்காது. நீலக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கன்னமெல்லாம் மையாக்கிக்கொண்டு, "தண்ணி ஊத்த வேண்டாமா பாப்பா?" என்றான்.

டாக்டர்தான் முதலில் அசைந்தார். "கண்டக்டர் சார், கையெல்லாம் மை. வெளிய வலது பக்கம் குழாய் இருக்கு. போய்க் கழுவிட்டு வாங்க."

அண்ணன் எழுந்தான். கூடவே நானும் பாதி எழுந்துவிட்டேன். டாக்டர் என்னை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அவர் குத்திக்காட்டவில்லை, முகத்தில் கவலைதான் இருந்தது. அண்ணன் தாழ்வாரத்தில் போகும் சத்தம் கேட்டது. பிறகு குழாய் திறக்கும் சத்தம். திறந்த குழாயை மூடவே இல்லை, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. என் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"தானா!" என்று தாழ்வாரத்திலிருந்து ஒரு குரல். கொஞ்சம் பொறுத்து, பயத்தோடு, இன்னும் சத்தமாக, "தானா! தானா!"

நான் எப்போது எழுந்தேன், எப்போது கதவைத் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. அவன் சட்டை முன்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான். குழாயை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான், தண்ணீர் விரலுக்கிடையே பீய்ச்சி அடித்தது. குழாயை மூடினேன். சட்டைக் கையை மடித்துவிட்டேன். சோப்பை உள்ளங்கையில் வைத்து, "விரலுக்கு நடுவுல... அந்தக் கை... நகம்" என்று சொல்லிச் சொல்லிக் கழுவவைத்து, என் துப்பட்டாவாலேயே கன்னத்தையும் துடைத்தேன். நான் வந்ததுமே அவன் பயம் போய்விட்டது. தலையை ஆட்டிக்கொண்டு "தானா, தானா" என்று பாட ஆரம்பித்துவிட்டான்.

திரும்பினால் டாக்டர் நின்றிருந்தார், அவர் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா.

"அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?" என்று கேட்டார்.

"பாப்பான்னு."

"எப்பவுமா? இப்போ எப்படிக் கூப்பிட்டார்?"

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன்.

டாக்டர் அண்ணன் பக்கம் குனிந்தார். "கண்டக்டர் சார், தானான்னா யாரு?"

இது கூடத் தெரியாதா என்பதுபோல அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தான். ஈர விரலை என் தோளில் வைத்தான்.

"இதான் தானா."

எங்கள் பழைய வீட்டின் காலைகள் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன. அடுப்படியிலிருந்து அம்மா கத்துவாள், "சட்டையைத் தானா போடுடா!" அவன் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் ஓடிவந்து போட்டுவிடுவேன். "தானா சாப்பிடுடா!" நான் வந்து பிசைந்து கொடுப்பேன். "தானா குளிடா!" நான் வந்து தண்ணீர் கலப்பேன். தானா என்று யாராவது சொன்னால் நான் வருவேன். அவன் புரிந்துகொண்டது அவ்வளவுதான், அதில் ஒரு தப்பும் இல்லை. இத்தனை வருடம் பட்டன் போடும்போதெல்லாம் அவன் பாடியது பாட்டே இல்லை. என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், பக்கத்திலேயே நின்றுகொண்டு.

"அப்போ இவ்வளவு நேரம் எனக்கு உண்மையைச் சொன்னது இவர் ஒருத்தர்தான்" என்றார் டாக்டர்.

அம்மா மெதுவாக நடந்து வந்தாள். நான் திட்டு விழப் போகிறது என்று நினைத்தேன். அவள் அண்ணனின் நனைந்த சட்டையைப் பிடித்துப் பிழிந்துகொண்டே, "நான் என்ன சொல்லித் தந்தேன், நீ என்னடா கத்துக்கிட்டே, தங்கம்?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுபடியும் உள்ளே போய் உட்கார்ந்தோம். டாக்டர் முதலிலிருந்து கேட்டார், ஆனால் வேறு மாதிரி. "அவர் குளிக்கும்போது நீங்க எங்க நிப்பீங்க?" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு வாய் திறந்துகொண்டது. முடியாது என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. நான் என்ன செய்கிறேன் என்று சொன்னால் போதும். கதவுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன் என்றேன். அதற்கு முன்னால் தண்ணீர் கலந்து, கையை விட்டுப் பார்த்து வைப்பேன். வெந்நீர்க் குழாயை அவன் தொட்டுவிடக் கூடாது என்று இறுக்கி மூடிவிடுவேன். நின்றுகொண்டு "காது, கழுத்து, முதுகு" என்று குரல் கொடுப்பேன், குரலை நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான். காய்ச்சல் வந்தால் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் எல்லா இடத்தையும் காட்டுவான், அதனால் நெற்றி, தொண்டை, வயிறு என்று நானே தொட்டுத் தொட்டு முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன். சாலையைக் கடக்கும்போது அவன் பார்ப்பது வண்டியை அல்ல, என் முகத்தை. நான் பேசப் பேச அம்மாவும் சேர்ந்துகொண்டாள். விட்டுப்போனதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு பேசினோம். இவ்வளவா செய்கிறோம் என்று எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. டாக்டரின் பேனாவுக்கு மூச்சு வாங்கியது.

"சரி, போதும்" என்றார் கடைசியில். "துணை தேவைன்னு எழுதறேன். முடிவு சொல்றது மையத்து அலுவலகம்தான். ஆனா இதைப் படிச்சிட்டு இல்லேன்னு சொல்ல மாட்டாங்க." பிறகு அண்ணனிடம், "மையத்துல பாப்பா இருக்க மாட்டாங்க. அங்க வேற ஒருத்தர் தானாவா இருப்பாங்க. பரவாயில்லையா?"

அண்ணன் புருவத்தைச் சுருக்கி யோசித்தான்.

"தண்ணி ஊத்தலாமா?"

"ஊத்தலாம்."

"அப்போ சரி."

அவ்வளவுதான்! ஒரு பூவாளிக்கு என்னை விற்றுவிட்டான் துரோகி. கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். அம்மாவைக் கைத்தாங்கலாகப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்ததும்தான் எனக்கு அது உறைத்தது. அவன் இனிமேல் வேறு யாரையோ தானா என்று கூப்பிடுவான். காலையில் இந்தப் பக்கத்து சீட்டு காலியாக இருக்கும். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சாவியைப் போடக்கூட முடியவில்லை.

"என்னடி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சப்புறம் அழறே?" என்றாள் அம்மா.

அண்ணன் அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து "உஸ்" என்றான். என் பக்கம் சாய்ந்து சீட் பெல்ட்டை இழுத்தான். என் கையை மெல்ல விலக்கி, அது முறுக்கிக்கொள்ளாமல் நேராக்கி, 'டிக்' என்று மாட்டினான். மாட்டியது சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகு இன்னும் காயாத சட்டையில், தன் நெஞ்சில் விரலை வைத்தான்.

"அழாத பாப்பா. தானா இருக்கேன்."

வண்டியை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.